தவளை மாமா பதில்கள்: எக்கியார்குப்பம் ஸ்பெஷல்

உப்பளத் தொழிலாளி, எக்கியார்குப்பம்
கே: மாமா, உப்புப் பாத்தியில் ஒரு தவளைகூடக் கத்துவதில்லையே, ஏன்?
ப: தவளை வாயால் தண்ணீர் குடிக்காது, தோலால் உறிஞ்சும். பாத்தியில் இறங்கினால் உப்பு அதன் தண்ணீரை உறிஞ்சிவிடும். ஊறுகாய் ஆக ஆசைப்படும் தவளை இன்னும் பிறக்கவில்லை, மாப்பிள்ளே.

கல்லூரி மாணவர், மரக்காணம்
கே: உப்புக்கு அஞ்சாத தவளையே இல்லையா?
ப: உண்டு. தென்கிழக்கு ஆசியச் சதுப்புக்காடுகளில் நண்டு தின்னும் தவளை. இரத்தத்தில் யூரியாவைச் சேர்த்து வைத்தே உப்புத் தண்ணீரைச் சமாளிக்கிறது. நமக்கு யூரியா என்றால் சொசைட்டி வாசலில் க்யூ!

புதுமாப்பிள்ளை, கூனிமேடு
கே: மழை விட்டதும் குட்டையில் மஞ்சள் மஞ்சளாய்ப் பெரிய தவளைகள். பெயின்ட் அடித்தது யார்?
ப: காதல். ஆணுக்கு ஜோடி தேடும் நாளில் மட்டும் உடம்பு மஞ்சள், தொண்டையின் இரு பக்கமும் நீலப் பை. முகூர்த்தம் முடிந்தால் பழைய பாசி நிறம். உங்கள் கல்யாணக் கோட்டு இப்போது எங்கே இருக்கிறது?

இல்லத்தரசி, அனுமந்தை
கே: அந்த மஞ்சள் பெரிய தவளை என்னதான் சாப்பிடும்?
ப: வாய்க்குள் நுழைவது எல்லாம்: பூச்சி, நண்டு, சுண்டெலி, குட்டிப் பாம்பு, சொந்தக்காரத் தவளை. விழுங்கும்போது கண்கள் உள்ளே இறங்கி இரையைத் தொண்டைக்குள் தள்ளும். சாப்பாட்டில் கண் வைப்பது என்றால் இதுதான்.

கப்பல் ஊழியர், போர்ட் பிளேர்
கே: அந்தப் பெரிய தவளை அந்தமானுக்கும் வந்துவிட்டதாமே?
ப: நாம் கொண்டுபோய் விட்டதுதான். அதன் தலைப்பிரட்டைகள் உள்ளூர்த் தலைப்பிரட்டைகளைத் தின்கின்றன. விருந்தாளி பந்தியில், வீட்டுக்காரர் இலையில்!

மீனவர், எக்கியார்குப்பம்
கே: உலகத்திலேயே பெரிய தவளை எது? இடி மாதிரி கத்துமோ?
ப: கேமரூன், எக்குவடோரியல் கினி ஆறுகளில் வாழும் கோலியாத். எடை 3 கிலோவைத் தாண்டும். நம் பெரிய தவளை நீளத்தில் ஒரு சாண்கூட வராது. ஆனால் கோலியாத்துக்குக் குரல் பையே இல்லை, வெறும் விசில்தான். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இது மனிதன் வாயால் கெடுகிறது: கறிக்காகப் பிடித்துப் பிடித்தே அருகிவிட்டது.

விவசாயி, திண்டிவனம்
கே: நாமும் தவளைக்கால் ஏற்றுமதி செய்தோமாமே?
ப: டன் டன்னாக. 1987-இல் தடை வந்தது. வயலில் பூச்சி தின்றவன் காலை வாரினோம். நமக்கு டாலர், பூச்சிக்குத் தீபாவளி.

பக்தர், கடப்பாக்கம்
கே: தவளைக்குக் கல்யாணம் செய்தால் மழை வருமா?
ப: 2019 ஜூலையில் போபாலில் செய்தார்கள். மழை அளவு மீறிக் கொட்டவே, செப்டம்பரில் விவாகரத்தும் செய்து வைத்தார்கள். இரண்டு தடவையும் மழையைக் கேட்டார்கள், தவளையைக் கேட்கவில்லை.

வாக்காளர், எக்கியார்குப்பம்
கே: கோடையில் நம் ஊர்ப் பெரிய தவளை எங்கே ஒளிகிறது?
ப: மண்ணுக்குள் புதைந்து தூங்கும். மழை வந்ததும் மேலே வந்து கத்தும். ஆண்டுக்கு ஒருமுறையாவது வருகிறதே, ஐந்தாண்டுக்கு ஒருமுறை வருபவரை விட்டுவிட்டு அதையா தேடுகிறீர்கள்?