பதினெட்டாம் எண் கிளிப்

மேசை இழுப்பறையின் அடியில் ஒரு மரத் துணிக்கிளிப் கிடந்தது. ஒரு பக்கம் கறுப்பு மையில் 18 என்ற எண், மறுபக்கம் என் பெயர். கையில் எடுத்ததும் டெக்சாஸ் வெயிலும் எரிந்த மெத்தனாலின் வாசனையும் சேர்ந்தே வந்துவிட்டன.

1998-ல் வேலைக்காக டாலஸ் வந்த புதிதில், ஊருக்கு வெளியே ஒரு புல்வெளியில் பொம்மை ஹெலிகாப்டர் ஒன்று அந்தரத்தில் அசையாமல் நிற்பதைப் பார்த்தேன். மறுமாதமே சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு பெட்டி வாங்கினேன். பெட்டிக்குள் இருந்தது ஹெலிகாப்டர் அல்ல, அதன் திருகுகளும் தண்டுகளும்தான். சாப்பாட்டு மேசையில் மூன்று வாரம் உட்கார்ந்து பூட்டினேன். மர பிளேடுகள் இரண்டையும் தராசுபோல் நிறுத்தி, எடை குறைந்ததில் துளித்துளியாக டேப் ஒட்டிச் சமன்செய்ய வேண்டும். அதில் தவறினால் இயந்திரம் முழுக்க நடுங்கும். பிளேடுகளுக்குக் குறுக்கே, நுனிகளில் சிறு துடுப்புகளோடு ஒரு கம்பி சுழலும். ஃபிளைபார் என்பார்கள். காற்று தள்ளினாலும் சட்டென்று சாயாமல் காப்பது அதுதான்.

ஐந்து சிசி எஞ்சின். மெத்தனால், எண்ணெய், நைட்ரோமீத்தேன் மூன்றும் கலந்த எரிபொருள். குளோ பிளக்குக்கு ஒன்றரை வோல்ட் கொடுத்து, ஸ்டார்ட்டரால் சுற்றிவிட வேண்டும். ஹெலிகாப்டரின் அடியில் குறுக்காகக் கட்டிய இரண்டு கம்புகள், நுனிகளில் பந்துகள்: நடை பழகும் குழந்தைக்கு நடைவண்டிபோல. முதல் இரண்டு மாதம் அதன் வால் என் பக்கம் இருக்க, புல்லிலிருந்து ஓரடி உயரத்தில் நிறுத்துவது மட்டுமே பாடம்.

ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் கிளிப். அமெரிக்காவில் மாதிரி விமானங்களுக்கு 72 மெகாஹெர்ட்ஸில் 11 முதல் 60 வரை ஐம்பது சேனல்கள். ஒரே சேனலில் இருவர் டிரான்ஸ்மிட்டரைத் திறந்தால், பறந்துகொண்டிருப்பது விழும். அதனால் மைதானத்தில் ஒரு பலகை. அதில் நம் எண்ணுக்கு நேராக நம் கிளிப்பை மாட்டிவிட்டு, "பதினெட்டில் யாராவது இருக்கிறீர்களா?" என்று உரக்கக் கேட்ட பிறகே சுவிட்சைத் தொடலாம்.

1999-ல் ஒரு சனிக்கிழமை, ஒருவர் கேட்காமல் திறந்துவிட்டார். என் ஹெலிகாப்டர் ஒருமுறை துடித்து, பக்கவாட்டில் சாய்ந்து தரையில் மோதியது. வால்குழாய் இரண்டாக ஒடிந்தது. நான் பேச்சற்று நின்றேன். அவர் ஓய்வுபெற்ற மெக்கானிக். வெளிறிப்போய் ஓடிவந்து, சிதறியவற்றைப் புல்லில் மண்டியிட்டுப் பொறுக்கினார். அடுத்த நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் தன் கார் ஷெட்டில் என்னோடு உட்கார்ந்து அதைப் புதிதாகக் கட்டிக்கொடுத்தார். கோபத்தோடு போன நான், மாணவனாகத் திரும்பினேன்.

எனக்கு வராமலிருந்தது ஒன்றுதான்: மூக்கை நம் பக்கம் திருப்பி நிறுத்துவது. பந்தியில் இலைக்கு எதிரே நின்று பரிமாறுகிறவருக்கு, உண்பவரின் இடக்கை தன் வலப்பக்கம் இருக்கும். அதேபோல, ஹெலிகாப்டர் நம்மைப் பார்த்து நிற்கும்போது அதன் இடம் நமக்கு வலம். யோசித்துத் திருத்துவதற்குள் அது விழுந்துவிடும். அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று ஒரே ஒரு சொல்லைத் தந்தார்: "எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் குச்சியைத் தள்ளு. விழுகிற சுவருக்கு முட்டுக் கொடுப்பதுபோல." அன்று மாலை, முதன்முறையாக, என் ஹெலிகாப்டர் என் முகத்தைப் பார்த்தபடி நின்றது.

2003-ல் மகள் பிறந்தாள். சனிக்கிழமைகள் அவளுடையவை ஆயின. அந்த மெக்கானிக் சில ஆண்டுகள் கழித்துக் காலமானார்.

2024-ல் மகள் கல்லூரி முடித்து வேலைக்குப் போனபின், புதியது ஒன்று வாங்கினேன். எஞ்சின் இல்லை, மோட்டாரும் 22.2 வோல்ட் லித்தியம் பாலிமர் பேட்டரியும். ஃபிளைபார் கம்பி இல்லை; அதன் வேலையை நகத்தளவு உணரிகளும் ஒரு சிறு கணினியும் செய்கின்றன. ரெஸ்க்யூ என்று ஒரு சுவிட்ச்: தடுமாறும்போது அழுத்தினால் போதும், ஹெலிகாப்டர் தானே நிமிர்ந்து மேலே ஏறிவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸில் டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்கின்றன. பத்துப் பேர் ஒரே நேரத்தில் திறந்தாலும் குழப்பம் இல்லை. இவ்வளவையும் உள்ளங்கையளவு பெட்டிக்குள் அடக்கியவர்களை நான் மனதார வணங்குகிறேன். அன்று இது இருந்திருந்தால் எத்தனை பேருடைய மாதக்கணக்கான உழைப்பு தப்பியிருக்கும்!

அன்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டோம். இன்று அரசிடம் சொல்கிறோம். 250 கிராமுக்கு மேல் எடையிருந்தால் விமானப் போக்குவரத்துத் துறையான எஃப்.ஏ.ஏ.விடம் ஐந்து டாலர் கட்டிப் பதிவுசெய்து, அந்த எண்ணை ஹெலிகாப்டர்மேல் ஒட்ட வேண்டும். டிரஸ்ட் என்ற பாதுகாப்புத் தேர்வையும் எழுத வேண்டும். அங்கீகாரம் பெற்ற மைதானத்துக்கு வெளியே பறக்க, அடையாளத்தை ஒலிபரப்பும் ரிமோட் ஐடி கருவியும் தேவை. ட்ரோன்கள் நிறைந்த வானத்தில் இவை அவசியம் என்றே நினைக்கிறேன். எல்லாவற்றையும் முறையாகச் செய்தேன். இரண்டு மாதம் கணினி சிமுலேட்டரில் விரல்களைப் பழக்கினேன்.

பிறகு மைதானம். கிளிப் பலகை இருந்த இடத்தில் இரண்டு கம்பங்கள் மட்டும் நின்றன. நிழற்கூரையின் கீழ் நாலைந்து பேர், அவரவர் பேட்டரியோடு, அவரவர் மௌனத்தில். நான் பேட்டரியைச் செருகுமுன், வாய் தானாகவே கேட்டுவிட்டது: "யாராவது பறக்கவிடுகிறீர்களா?"

கேட்கத் தேவையில்லாத கேள்வி. ஆனாலும் ஓர் இளைஞன் எழுந்து வந்து என் அருகில் நின்றான். "நீங்கள் ஹெலிகாப்டரைப் பாருங்கள், மற்ற வானத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றான்.

புகையில்லை, எஞ்சின் இரைச்சலில்லை. பிளேடுகள் காற்றை அறுக்கும் ஓசை மட்டும். கண்ணுயரத்தில் நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்லத் திருப்பினேன். வால் விலகி, பக்கவாட்டு தெரிந்து, மூக்கு என்னை நோக்கியது. என் இடப்பக்கமாக லேசாகச் சாய்ந்தது. என் கட்டைவிரல் என்னைக் கேட்காமலே இடப்பக்கம் நகர்ந்தது. நின்றது. இருபத்தொரு ஆண்டுகள் கழித்தும் அந்த மனிதர் என் விரலில் இருந்தார்.

தரையிறக்கியதும் இளைஞன் தயங்கிச் சொன்னான்: "மூக்கைத் திருப்பினாலே எனக்குப் பயம். ஒவ்வொரு முறையும் ரெஸ்க்யூவை அழுத்திவிடுகிறேன்."

அவனுடைய ஹெலிகாப்டரை எடுத்துவரச் சொன்னேன். அது மேலேறியதும் அவன் தோளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"திருப்பு. அவசரமில்லை. எந்தப் பக்கம் சாய்கிறதோ, அந்தப் பக்கம் முட்டுக் கொடு."