கதாசிரியரைக் கைது செய்பவர்

கணினித் துப்பறியும் விளையாட்டுகளை ஆடுவோருள், கொலைகாரனைத் தாமே கண்டுபிடிப்போர், யூடியூபில் விடையைப் பார்த்துவிட்டுத் தாமே கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்வோர் என்னும் இரு பெரும் பிரிவினருக்கு அப்பால், எண்ணிக்கையில் சிறியதும் ஓசையில் பெரியதுமான மூன்றாம் பிரிவொன்று உண்டு. இப்பிரிவைச் சேர்ந்தவர் கொலை நிகழ்ந்த அறைக்குள் நுழைந்ததும் பிணத்தைப் பார்ப்பதில்லை, சுவர்க்கடிகாரத்தைப் பார்க்கிறார். கொலை இரவு பதினொரு மணிக்கு நடந்ததாகவும் அதன்பின் அறைக்குள் எவரும் நுழையவில்லை எனவும் காவலர் விளக்கிக்கொண்டிருக்கையில், மேசைமேல் இருக்கும் காப்பிக் கோப்பையிலிருந்து இன்னும் ஆவி எழுவதைக் கவனித்துவிட்டு, குற்றவாளி அகப்பட்டுவிட்டதாக அறிவிக்கிறார். அவர் குறிப்பிடும் குற்றவாளி கத்தி பிடித்தவர் அல்லர், கதை எழுதியவர்.

இவரைப் புரிந்துகொள்ள இரண்டு கருத்துகள் தேவைப்படும். விளையாடுபவர் தம் நாற்காலியையும், கையிலுள்ள விசைக்கருவியையும், அடுப்பில் வைத்த பாலையும் மறந்து கதைக்குள்ளேயே குடியேறிவிடும் நிலையை ‘ஒன்றுதல்’ எனலாம். நிரலின் பிழையாலோ எழுதியவரின் கவனக்குறைவாலோ கதை தன் சொல்லையே மீறி நடந்து அந்தக் குடியேற்றத்தைக் கலைக்கும் இடத்தை ‘வழு’ எனலாம். தக்க காரணம் இருப்பின் வழுவையும் ஏற்றுக்கொள்ளலாம் என்று தமிழ் இலக்கண நூலார் வழுவமைதிக்கு இடம் வகுத்தனர். அத்தகைய தாராளம் இவரிடம் இல்லை.

பந்தய விளையாட்டில் கார் ஒன்று மரத்துக்குள் புகுந்து மறுபுறம் வெளிவந்தால் ஆடுபவர் சிரித்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போய்விடுவார். துப்பறியும் விளையாட்டில் அவ்வாறு போக இயலாது. ஏனெனில், பொருந்தாத எதையும் விடாதே என்பதே அந்த விளையாட்டு முதல் பத்து நிமிடங்களில் கற்றுத்தரும் பாடம். கம்பளத்தின் மடிப்பையும் சாம்பலின் நிறத்தையும் ஐயுறுமாறு ஒருவரைப் பழக்கிவிட்டு, நிரலின் ஓட்டைகளை மட்டும் பெருந்தன்மையோடு கண்டுகொள்ளாதிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. ஃபிராக்வேர்ஸ் நிறுவனம் உருவாக்கி 2007இல் வெளிவந்த, ஷெர்லாக் ஹோம்ஸும் ஆர்சேன் லூப்பேனும் மோதும் விளையாட்டில் மருத்துவர் வாட்சனுக்கு நடை என்பதே கிடையாது. ஹோம்ஸின் பார்வை வேறுபக்கம் திரும்பியிருக்கும்போது ஓசையின்றி இடம்மாறி, திரும்பிப் பார்க்கும்போது அவர் முதுகுக்குப் பின்னால் அசையாமல் நின்றிருப்பார். உலகமே இதைப் பார்த்துச் சிரித்தது, நம்மவர் சிரிக்கவில்லை. காலடி ஓசையின்றி எந்த அறைக்குள்ளும் தோன்றவல்ல ஒருவர், அதுவும் மருத்துவர், திருட்டு நடந்த ஒவ்வோர் இடத்திலும் காணப்பட்டிருக்க, ஒருவரும் அவரை விசாரிக்கவில்லையே என்று அவர் கேட்டார். தர்க்கப்படி அக்கேள்விக்கு மறுமொழி இல்லை.

டீம் போண்டி உருவாக்கி 2011இல் வெளிவந்த எல்.ஏ. நுவார் இவருடைய வாழ்வில் தனி அத்தியாயம். 1947ஆம் ஆண்டின் லாஸ் ஏஞ்சல்ஸைக் களமாகக் கொண்ட அதில், நடிகர்களின் முகங்கள் முப்பத்திரண்டு கேமராக்களால் பதிவு செய்யப்பட்டிருந்தமையால், சாட்சி பொய் சொல்கிறாரா என்பதை அவர் கண்ணிமைப்பைக் கொண்டே ஊகிக்க வேண்டும். பதில் சொன்னவரை நம்பவோ ஐயுறவோ பொய்யரெனக் குற்றஞ்சாட்டவோ மூன்று பொத்தான்கள் இருந்தன. கணவனை இழந்த பெண்ணொருத்தி ஏதோ ஒன்றை மறைப்பதாக மெல்லிய ஐயம் கொண்டு நம்மவர் நடுப்பொத்தானை மிக நாகரிகமாக அழுத்துவார். அடுத்த கணம் துப்பறிவாளர் கோல் ஃபெல்ப்ஸ் மேசை அதிரக் கத்தி, அவளைச் சிறைக்கு அனுப்பிவிடுவதாக மிரட்டுவார். உருவாக்கத்தின் தொடக்கத்தில் அப்பொத்தானுக்கு அதட்டுதல் என்ற பொருளுடைய பெயரே இருந்தது. பெயர் பின்னர் மாறியும் வசனம் மாறவில்லை. 2017இல் வந்த மறுபதிப்பில் அது ‘கெட்ட போலீஸ்’ என்று மாற்றப்பட்டபோது, தாம் ஆறாண்டுகள் தொடர்ந்து எழுப்பிய கண்டனத்தின் விளைவே அது என்று நம்மவர் கருதிக்கொண்டார். கண்டனம் முழுவதும் அவர் வீட்டுக் கூடத்திலேயே எழுப்பப்பட்டது என்பதைக் குடும்பத்தார் நினைவூட்டவில்லை.

அதே விளையாட்டின் கொலைப் பிரிவு வழக்குகள் அவருக்கு மேலும் பெரிய துன்பத்தைத் தந்தன. அடுத்தடுத்துப் பெண்கள் ஒரே பாணியில் கொல்லப்பட, இவையெல்லாம் ஒரே ஆளின் வேலை என்பதை இரண்டாம் வழக்கிலேயே கண்டுபிடித்துவிட்ட அவர், அதைச் சொல்வதற்கான பொத்தானைத் தேடித் தேடி அலுத்தார். அப்படியொரு பொத்தான் இல்லை. கைக்குக் கிடைத்த அப்பாவிகளுள் ஒருவரை ஒவ்வொரு முறையும் சிறைக்கு அனுப்பி, அதற்காக நட்சத்திரங்களையும் பெற்றுக்கொண்டு, உண்மையான கொலையாளி கதையின் வசதிப்படி வெளிவரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. விளையாடுபவர் கதையைவிட முந்திச் சென்றுவிட்டால், கதை அவரை வாசலில் நிறுத்தி வைத்துத் தன் வேகத்தில் வந்துசேரும். நிரலில் எழும் வழுக்களைவிட ஒன்றுதலை அதிகம் குலைப்பது இக்காத்திருப்பே என்பதில் இவருடைய கருத்து முற்றிலும் சரி.

ஆயினும் இவருடைய மாபெரும் வெற்றி குவான்டிக் டிரீம் உருவாக்கி 2010இல் வெளிவந்த ஹெவி ரெயினில் கிட்டியது. காகிதக் கைவேலைப் பொம்மையைப் பிணத்தின் கையில் விட்டுச்செல்லும் கொலையாளியைத் தேடும் அக்கதையில், ஈதன் மார்ஸ் என்னும் தந்தை அவ்வப்போது நினைவிழந்து, தெருவில் விழித்தெழும்போது அவர் கையிலும் அத்தகைய பொம்மை இருக்கிறது. அது எவ்வாறு வந்தது என்பதற்குக் கதை முடியும்வரை விளக்கம் இல்லை. கொலையாளியோ, விளையாடுபவர் தாமே இயக்கிய தனியார் துப்பறிவாளர் ஸ்காட் ஷெல்பி! துப்பறிபவரே குற்றம் செய்யலாகாது, வாசகர் எவருடைய எண்ணங்களைப் பின்தொடர்ந்தாரோ அவர் குற்றவாளியாக இருக்கலாகாது என்று 1929இலேயே ரொனால்டு நாக்ஸ் பாதிரியார் துப்பறியும் கதைக்கு விதி வகுத்திருக்க, ஒரே மனிதரைக் கொண்டு அவ்விரு விதிகளும் இங்கே மீறப்பட்டிருந்தன. நம்மவர் அன்றிரவு உறங்கவில்லை. பொம்மையின் வழியை ஆராய்ந்து, இக்கதையில் ஏதோ ஒரு பகுதி வெட்டப்பட்டிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு விடியற்காலையில் வந்தார். ஈதனுக்கும் கொலையாளிக்கும் இடையே மாயத் தொடர்பு இருப்பதாகக் காட்டும் பகுதி உருவாக்கத்தின்போது நீக்கப்பட்டது என்பது பின்னர் உறுதியானபோது, திரைக்குள் ஒரு கொலையாளியையும் ஒழுங்காகப் பிடித்திராத அவர், திரைக்கு வெளியே ஒருவரைப் பிடித்துவிட்ட பெருமிதத்தில் திளைத்தார். மகனைத் தேடும் இறுதிக் காட்சியில், பொத்தானை அழுத்துந்தோறும் தந்தை இடம்பொருள் பாராமல் ‘ஷான்! ஷான்!’ என்று கூவிக்கொண்டிருந்த வழுவை மட்டும் அவர் மன்னித்தார். பிள்ளையைத் தொலைத்தவர் அப்படித்தான் கூவுவார் என்பது அவர் கணிப்பு.

இணையத்தில் ஆடப்படும் கிரிமினல் கேஸ் போன்றவற்றில் இவர் நெடுநாள் நிலைப்பதில்லை. கொலைக்களத்தைச் சோதிக்க ஒவ்வொரு முறையும் இருபது ஆற்றல் புள்ளிகள் செலவாகும், தீர்ந்தால் காத்திருக்க வேண்டும் அல்லது ஆரஞ்சுச் சாறு பருக வேண்டும், பிணக்கூறாய்வு முடியப் பல மணி நேரம் ஆகும், பணம் கட்டினால் உடனே முடிந்துவிடும் என்ற ஏற்பாட்டைக் கண்டு, இலஞ்சம் வாங்கும் ஆய்வகத்தை ஏன் ஒருவரும் கைது செய்வதில்லை என்று கேட்டுவிட்டு வெளியேறினார். ஆய்வகம் மெத்தனமாக இருப்பது வழுவன்று, யதார்த்தம் என்று காவல்துறையில் பணிபுரியும் உறவினர் ஒருவர் எடுத்துச் சொல்லியும் அவர் ஏற்கவில்லை.

இத்தகையவரைப் பலர் கூடி ஆடும் அமாங் அஸ் விளையாட்டில் சேர்த்துக்கொள்வது, பந்தியில் சமையற்காரரை உட்காரவைத்துப் பரிமாறுவதற்கு ஒப்பாகும். விண்கலத்தில் பணிபுரியும் குழுவினருள் மறைந்திருக்கும் வஞ்சகரைப் பேசிக் கண்டறிந்து வாக்களித்து வெளியேற்ற வேண்டிய அதில், பிறரெல்லாம் சிவப்பு, நீலம் என்று ஒற்றைச் சொல்லில் குற்றஞ்சாட்டிக்கொண்டிருக்க, இவர் முதலில் கலத்தின் காற்றோட்டக் குழாய் அமைப்பு மனித உடல் நுழையும் அளவில் இருப்பதற்கான பொறியியல் காரணத்தைக் கேட்டு நீண்ட வாக்குமூலம் ஒன்றைத் தட்டச்சு செய்யத் தொடங்குகிறார். அது முடிவதற்குள் நேரம் தீர்ந்து, அதிகம் பேசுபவர்தான் வஞ்சகர் என்ற பொதுக்கருத்தின்படி அவரையே வெளியேற்றிவிடுகின்றனர். வெளியேற்றப்பட்டவர் ஆவியாக உலவித் தம் எஞ்சிய பணிகளை முடித்தாக வேண்டும் என்பது அங்குள்ள விதி. இறந்த ஊழியரிடம் வேலை வாங்குவது கதைக்கும் முரண், தொழிலாளர் சட்டத்துக்கும் முரண் என்று, இறந்தோர் மட்டுமே படிக்கக்கூடிய உரையாடல் பெட்டியில் எழுதிவிட்டு, அறுந்த மின்கம்பிகளை நிறம் பார்த்து ஒவ்வொன்றாக இணைக்கத் தொடங்குகிறார்.