அரை இஞ்சி மாமா

இரவு எட்டரை மணி. ஐப்பசி மழை கண்டி ஹந்தானை மலையுச்சியிலிருந்து இறங்கி வந்து லயத்துத் தகரத்தில் கொட்டத் தொடங்கியதும், பன்னிரண்டு காம்பராவிலும் ஒரே நேரத்தில் ஒரு சத்தம் எழும். சாவு வீட்டுச் சத்தம் மாதிரி, கண்ணீர் மட்டும் இருக்காது. மருமகளின் கன்னத்தை நோக்கி மாமியார் ஓங்கிய கை, கட்டம் கட்டமாக உடைந்து திரையில் அப்படியே நின்றுவிடும். அறை விழுந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. சிக்னல் இல்லை என்று ஒரு நீலப் பட்டை வந்து திரையில் குந்திக்கொள்ளும். அப்போது கடைசிக் காம்பராவின் கதவு திறக்கும். தலையில் கொங்காணி, கையில் டோர்ச், மடியில் பத்தாம் நம்பர் ஸ்பேனர்.

"யாரும் பயப்படாதீங்க. அரை இஞ்சிதான் வெலகியிருக்கும்."

இப்படி ஒருவர் எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறார். ஓரிடத்தில் அவர் டிஷ் அண்ணன், இன்னோரிடத்தில் இன்ஜினியர். எங்களுக்கு அரை இஞ்சி மாமா. சொந்தப் பெயரை எழுதவில்லை. எழுதினால் பக்கத்துத் தோட்டத்து மாமா, தன்னை விட்டுவிட்டதாகக் கோபித்துக்கொள்வார். எங்கள் லயத்துக்கு வாழ வந்த புதுப்பெண் ஒருத்தி, முதல் மழையில் இவர் வாசலில் நின்று "அரை இஞ்சி" என்றதும், உள்ளே ஓடிப்போய் ஒரு துண்டு இஞ்சியைத் தட்டிப் போட்டுத் தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாளாம். மாமா மறுக்கவில்லை. அன்றிலிருந்து அவருடைய கூலி இஞ்சித் தேத்தண்ணீர்தான். காசு கொடுத்தால் வாங்க மாட்டார். தேத்தண்ணீரில் இஞ்சி குறைந்தால் முகம் கறுக்கும்.

அவர் கூரையில் ஏறியதும் தொடங்குவது ஒரு தனிக் கச்சேரி. மேலே மாமா. இஸ்தோப்பில் ஒரு பொடியன். உள்ளே டிவிக்கு முன்னால் வீட்டுக்காரி. மாமா டிஷ்ஷை ஒரு மயிரிழை திருப்பி, "வருதா?" என்பார். பொடியன் உள்ளே பார்த்து, "வருதான்னு கேக்குறாரு!" என்பான். அக்கா, "கொஞ்சம் வந்துச்சு, போயிருச்சு" என்பாள். பொடியன் மேலே பார்த்து, "வந்துச்சாம்!" என்று கத்துவான். போயிருச்சு என்ற பாதி மழைச் சத்தத்தில் கரைந்துவிடும். அதற்குள் மாமா இன்னும் நாலு மயிரிழை திருப்பியிருப்பார். வந்த படமும் வந்த வழியே போயிருக்கும். ஒருமுறை ஐம்பது நிமிடம் இது நடந்தது. கடைசியில் பார்த்தால் பொடியன் பக்கத்து வீட்டு டிவியைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறான்.

மழை பெய்யும்போது டிஷ்ஷைத் திருப்பிப் பயனில்லை. நம் வீட்டு டிஷ்ஷுக்கு வரும் அலையின் நீளம் ஏறக்குறைய இரண்டரை சென்ரிமீற்றர். பெரிய மழைத்துளிகள் அதை உறிஞ்சியும் சிதறடித்தும் விடும். அந்தக் காலத்தில் பணக்கார வீட்டு முற்றத்தில் யானைக் காது மாதிரி நின்ற வலை டிஷ்களுக்கு வந்தது இதைவிட மூன்று மடங்கு நீள அலை. மழை அதை அவ்வளவாக அசைக்காது. சின்ன டிஷ்ஷை வாங்கியபோதே மழையையும் சேர்த்துத்தான் வாங்கினோம். கண்டிப் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகை இடிமழை வருவதும் பெரும்பாலும் மாலையில், சீரியல்களை ஒட்டித்தான். ஆகவே மாமா மேலே ஏறுவார், திருப்புவார், திட்டுவார், நனைவார், மழை விடும், படம் வரும். மழை விட்டதால்தான் படம் வந்தது என்று ஒருவன் சொல்லலாம். சொன்னவன் அடுத்த மழைக்குத் தானே கூரையில் ஏறிக்கொள்ள வேண்டும். அதனால் யாரும் சொல்வதில்லை.

ஆனால் மழை இல்லாத நாளில் மாமா சொல்வது முழுக்க உண்மை. இது தெரியாமல் நானும் பல காலம் சிரித்தேன். பிறகு ஒருநாள் பேனையும் கடதாசியும் எடுத்துக் கணக்குப் போட்டேன். இரண்டடி அகல டிஷ்ஷின் விளிம்பு அரை இஞ்சி நகர்ந்தால் அதன் பார்வை இரண்டேகால் பாகைக்கு மேல் திரும்பிவிடும். செய்மதி இருப்பது ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்தில். இங்கே அரை இஞ்சி அங்கே சுமார் 1,500 கிலோமீற்றர். அதாவது ஹந்தானையிலிருந்து மும்பாய். குரங்கு ஒன்று அலையை வாங்கும் எல்என்பியைத் தாங்கும் கம்பியில் தொங்கி ஒரு ஊஞ்சல் ஆடிவிட்டுப் போனால், நம் டிஷ் மும்பாய் தூரம் தள்ளி வெறும் ஆகாசத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஹந்தானைக் குரங்குகளுக்கு அந்தக் கம்பி மேல் அப்படி ஒரு ஆசை. கணக்கை மாமாவிடம் காட்டினேன். கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதத்தான நா இருவது வருசமா சொல்றேன்" என்றார்.

ஒரு லயத்தில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்பதைக் கூரையைப் பார்த்தே அவர் சொல்லிவிடுவார். மேற்கே முகம் வைத்து விறைப்பாக நிற்பது நம்ம ஊர் டிஷ். அதன் செய்மதி 45 பாகைக் கிழக்கில், சோமாலியாக் கரைக்கு அப்பால் கடலுக்கு மேலே. தென்கிழக்கே திரும்பி மல்லாந்து கிடப்பது இந்தியா டிஷ், அதற்கு 93.5 பாகை, சுமாத்திராவுக்கு இந்தப் பக்கத்துக் கடலுக்கு மேலே. எங்கள் அப்பாயிக்கு இதில்தான் சந்தேகம். "இந்தியா வடக்கால இருக்கு. இவன் ஏன் தெக்கால திருப்புறான்? அதான் படம் வரல." பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலேதான் இந்தச் செய்மதிகள் எல்லாம் நிற்கும், நாம் கோட்டுக்கு ஏழு பாகை வடக்கே இருப்பதால் தெற்குப் பக்கமாகத்தான் பார்க்க வேண்டும் என்று நான் விளக்கினேன். அப்பாயி காதில் ஏறவில்லை. மாமா ஒரே வரியில் முடித்தார்: "அப்பாயி, சேனல் அங்கருந்து வரல. கடலச் சுத்தி வருது." அப்பாயி தலையாட்டினாள். அவளுடைய பாட்டன் பாட்டியும் அங்கிருந்து கடல் தாண்டித்தானே வந்தார்கள்.

இந்தியா டிஷ்ஷின் கார்டு திருச்சியிலோ தூத்துக்குடியிலோ உள்ள யாரோ ஒருவர் பெயரில் இருக்கும். அந்தப் புண்ணியவானை இங்கே யாரும் பார்த்ததில்லை. அது இந்தியாவுக்குள் பார்ப்பதற்கான கார்டு. கண்டி டவுனில் கடைக்காரர் சொல்லும் விலையைக் கொடுத்து ரீசார்ஜ் பண்ண வேண்டும். 2022இல் நம் ரூபாய் விழுந்தபோது அந்த விலையும் துள்ளி ஏறியது. படம் வராவிட்டால் முறைப்பாடு செய்ய வழியில்லை. செய்வதென்றால் இந்தியாவில் இருப்பதாக நடித்துத்தான் செய்ய வேண்டும். மாமா நடித்திருக்கிறார். கண்டியின் தபால் குறியீடு 20000 என்பது அவருக்குத் தெரியாது. திருச்சியின் 620001 மனப்பாடம். "சார், உங்க ஏரியால வெயிலா மழையா?" என்று அந்தப் பக்கத்துப் பெண் கேட்டபோது, தகரத்தில் மழை கொட்டுகிற சத்தத்துக்கு நடுவே, "செம வெயில்மா" என்றார்.

நம்ம ஊர் டிஷ்ஷுக்கு முறைப்பாடு செய்ய உரிமை உண்டு. உரிமை மட்டும்தான். சிங்களத்துக்கு ஒன்று, தமிழுக்கு இரண்டு. இரண்டை அழுத்தினால் நெடுநேரம் பாட்டு. பிறகு சிங்களத்தில் ஒரு குரல். பிறகு மறுபடி பாட்டு. பிறகு ஒரு தங்கச்சி.

"பொக்ஸ ஒருக்கா ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்க சேர்."

"நா கூரைல நிக்கிறேன் தங்கச்சி."

"ஹந்தானைல எந்த இடம் சேர்? மியூசியம் கிட்டயா?"

"மியூசியத்துக்கு மேல."

"மேல ரோட் இருக்கா?"

"டிராக்டர் வரும்."

லைன் அறுந்துவிட்டது. எங்கள் விலாசமே அந்தத் தேயிலை மியூசியம்தான். 1925இல் கட்டிய பழைய தொழிற்சாலை, நாலு மாடி, 2001இல் மியூசியமாகத் திறந்தார்கள். உலகத்து வெள்ளைக்காரன் எல்லாம் அதுவரை வருவான். டிஷ் திருத்துகிற பையனும் அதுவரை வந்து, தலையை அண்ணாந்து எங்கள் பாதையைப் பார்த்துவிட்டு, வீட்டில் ஆளில்லை என்று எழுதிக்கொண்டு போய்விடுவான். படம் வராத நாளுக்கும் கார்டில் நாள் கழியும். மாமாவின் தொழிலுக்கு மூலதனம் இந்தப் பாதைதான்.

வேறு வழி இல்லையா என்று டவுனிலிருந்து வருகிறவர்கள் கேட்பார்கள். இருக்கிறது, நிறையவே இருக்கிறது. முதலில் பழைய மீன்முள் அண்டெனா. 1982இல் ரூபவாஹினி தொடங்கியபோது மாமாவின் அப்பா மூங்கில் நட்டுக் கட்டியது. சந்தா கிடையாது, சக்தி டிவியும் வசந்தம் டிவியும் தமிழில் வரும். ஹந்தானை உச்சியில் கோபுரங்கள் வேறு நிற்கின்றன. ஆனால் விளக்கடியில் இருட்டு என்பது போல, மலை மடிப்புக்குள் இருக்கும் லயத்துக்குப் படத்தோடு அதன் ஆவியும் சேர்ந்து வரும். ஒவ்வொரு நடிகருக்கும் இரண்டு தலை. 2014இல் அரசாங்கம் ஜப்பான்காரனின் டிஜிற்றல் முறையைத் தெரிவுசெய்தது. இனிக் கண்ணாடி மாதிரிப் படம் என்று பேப்பரில் வந்தது. மாமா அன்றே புது மூங்கில் ஒன்று வெட்டிக் காயப்போட்டார். மூங்கில் உளுத்துக் கொட்டிவிட்டது. டிஜிற்றல் இன்னும் எங்கள் மடிப்புக்குள் இறங்கவில்லை.

தூர்தர்ஷனின் இலவச டிஷ் இருக்கிறது, 2004 முதல். அதுவும் அதே 93.5 பாகையில்தான். மாதக் காசு இல்லை. மாமா பூட்டிக் கொடுத்தார். நிறைய ஹிந்தி, கொஞ்சம் வயலும் வாழ்வும். மூன்றாம் நாள் பெண்கள் கூட்டமாக வந்து பழையதையே பூட்டச் சொன்னார்கள்.

மாமாவின் மருமகன், அவர் கூடப் பிறந்தவளின் பையன், போன் கட்சி. "எதுக்கு மாமா டிஷ்? யூடியூப்ல எல்லாம் வருது." வருகிறது, எங்கே? தண்ணீர் டாங்கிக்குப் பக்கத்துப் பாறையில் ஏறி, கொய்யா மரத்தைப் பார்த்து நின்றால் வரும். 2020இலும் 2021இலும் பள்ளிக்கூடம் மூடியிருந்தபோது, நாடு முழுக்கப் பிள்ளைகள் பாறையிலும் மரத்திலும் ஏறிப் படித்தார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு இந்தப் பாறைதான் வகுப்பு. அட்டைக்கடியோடு படித்த படிப்பு. சீரியல் பார்க்க அப்பாயியைப் பாறையில் ஏற்ற முடியுமா?

கடைசியாக வந்தது மஸ்க்கின் ஸ்டார்லிங்க், 2025 ஜூலையில். ரோட்டும் வேண்டாம், கம்பியும் வேண்டாம், 550 கிலோமீற்றர் உயரத்திலேயே ஆயிரக்கணக்கில் செய்மதி ஓடுகிறது என்று மருமகன் படம் காட்டினான். அப்போது சாமான் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல். 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளத்தில் எழுபது நாளுக்கு மேல் கொழுந்து பறித்து, எதையும் தின்னாமல் இருந்தால் வாங்கியிருக்கலாம். மாமாவை உறுத்தியது விலை அல்ல. "இத எந்தப் பக்கம் திருப்பணும்?" என்று கேட்டார். திருப்பவே வேண்டியதில்லை, ஓடுகிற செய்மதியை அதுவே தேடிக்கொள்ளும் என்றான் மருமகன். மாமா வெகுநேரம் பேசவில்லை. பிறகு ஸ்பேனரை மடியில் சொருகிக்கொண்டு எழுந்தார்.

"திருப்பத் தேவையில்லாத டிஷ் ஒரு டிஷ்ஷாடா?"

அவருக்குப் படம் முக்கியமில்லை என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது அன்றுதான். அவர் வீட்டு டிவியில் இதுவரை யாரும் ஒரு சீரியலை முழுதாகப் பார்த்ததில்லை. எப்போதும் சேனல் தேடும் பக்கம்தான் ஓடிக்கொண்டிருக்கும், இரண்டு பட்டைகளோடு. மேல் பட்டை ஸ்ட்ரெந்த், கீழ்ப் பட்டை குவாலிட்டி. இந்த இரண்டு சொல்லை வைத்துத்தான் அவர் உலகத்தையே அளப்பார். சங்கத் தலைவர் கூட்டத்தில் முழங்கிவிட்டுப் போனால், "ஸ்ட்ரெந்த் இருக்கு, குவாலிட்டி இல்ல" என்பார். மருமகனைப் பற்றி இரண்டும் இல்லை என்பது அவர் கணிப்பு.

போன வருடம் அவருடைய மகளுக்குக் கலஹாப் பக்கத்தில் சம்பந்தம் பேசப் போனோம். மாப்பிள்ளை வீட்டு வாசலுக்கு வந்ததும் மாமா செருப்பைக் கழற்றவில்லை. கூரையைப் பார்த்தபடி நின்றார். நாங்கள் உள்ளே தாம்பூலம் மாற்றிக்கொண்டிருக்கும்போது மேலே தகரம் நெளிகிற சத்தம் கேட்டது. மாப்பிள்ளையின் அம்மா பயந்துபோய் அண்ணாந்து பார்த்தாள். "ஒண்ணுமில்ல சம்பந்தி, அரை இஞ்சிதான்" என்று குரல் இறங்கி வந்தது. டிவி முன்னால் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை எழுந்து வாசலுக்குப் போய், யாரும் சொல்லாமலே, "எழுவத்தாறு மாமா! எண்பது! போதும், போதும்!" என்றான். சம்பந்தம் அந்த இடத்திலேயே முடிந்தது.

மகள் இப்போது அங்கேதான். மழையிலும் படம் ஓரளவு நிற்கிறதாம். அதனால் மாமா அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை.