போனஸைச் சுருக்குவது எப்படி?

தம்பி, நீ என் நாற்காலியில் உட்கார்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. போன வாரம் போன் செய்து, "அண்ணா, தீபாவளி வருதுங்க. போன வருசத்தைவிடக் கொஞ்சம் சுருக்கிப் பண்ணச் சொல்றாருங்க முதலாளி. சத்தம் வராமப் பண்ணோணும்கறாரு. எப்படிங்கண்ணா?" என்று கேட்டாய். குரலில் நடுக்கம் தெரிந்தது. முதல் தடவை எனக்கும் அப்படித்தான் இருந்தது. முப்பத்தொரு வருஷம் இதே வேலையைப் பார்த்தவன் என்ற முறையில் தெரிந்ததை எழுதுகிறேன். படித்துவிட்டுக் கிழித்துப் போடு. யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதே.

நான் சேர்ந்தபோது இந்த அறைக்குப் பெயர் டைம் ஆபீஸ். பிறகு பெர்சனல் டிபார்ட்மெண்ட் ஆயிற்று, அப்புறம் ஹெச்.ஆர். இப்போது உன் கதவில் 'பீப்பிள் அண்ட் கல்ச்சர்' என்று பலகை தொங்குகிறது. அறையின் பெயர் நீள நீள, தீபாவளிக் கவர் மெலிந்துகொண்டே வந்தது. உன் காலத்தில் கவரே இருக்காது என்று நினைக்கிறேன்.

முதல் பாடம்: எடுத்த எடுப்பில் பணத்தில் கை வைக்காதே, சொல்லில் கை வை. 'போனஸ்' பொல்லாத சொல். அதற்குப் பின்னால் சட்டம் நிற்கிறது, யூனியன் நிற்கிறது, லேபர் ஆபீசர் நிற்கிறார். 1965-இல் வந்த போனஸ் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது என்றாலும், குறைந்தது 8.33 சதவீதம், மிஞ்சினால் 20 சதவீதம் என்ற இரண்டு எண்களும் அப்படியேதான் இருக்கின்றன. நூறைப் பன்னிரண்டால் வகுத்துப் பார், 8.33 வரும். ஒரு வருஷம் உழைத்தவனுக்கு ஒரு மாதச் சம்பளம். லாபம் வந்தாலும் வராவிட்டாலும் அது உண்டு. அதனால் சர்க்குலரில் 'நஷ்டம்' என்று தப்பித்தவறியும் எழுதிவிடாதே, நஷ்டத்திலும் 8.33 உண்டே என்று எவனாவது ஒருவன் கிளம்புவான். 'சவாலான சூழல்' என்று எழுது. அதை யாராலும் ஆடிட் செய்ய முடியாது.

போனஸ் என்ற சொல்லுக்குப் பதில் எதைப் போடுவது? அதற்கு நீ மூளையைக் கசக்க வேண்டாம், அரசாங்கமே எடுத்துக் கொடுத்திருக்கிறது: கருணைத் தொகை. தமிழக அரசின் பொதுத்துறை நிறுவன ஊழியர்களுக்கு 20 சதவீதம் என்று செய்தி வரும்போது தலைப்போடு நிற்காமல் உள்ளே படி. போனஸ் 8.33, கருணைத் தொகை 11.67 என்று பிரித்திருப்பார்கள். முன்னது கடன், பின்னது கருணை. கடனைக் குறைத்தால் சட்டையைப் பிடிப்பார்கள். கருணை குறைந்தால் யார் போய்க் கேட்பது? கருணைக்கு ஒரு படி கீழே 'அன்பளிப்பு' இருக்கிறது. அதற்கும் கீழே 'ஃபெஸ்டிவல் டோக்கன்'. கடைசிப் படியில் பணமே கிடையாது, குத்துவிளக்குப் படம் போட்ட 'பாராட்டு மெயில்' மட்டும்தான். ஒரு வருஷத்துக்கு ஒரு படி இறங்கு, போதும். மொத்தமாக இறங்கினால் காலை உடைத்துக்கொள்வாய்.

அடுத்தது எண். ரூபாயில் சொல்லாதே. நாளில் சொல், இல்லாவிட்டால் சதவீதத்தில் சொல். ரயில்வேக்காரர்களைப் பார். '78 நாள் போனஸ்' என்று தலைப்புச் செய்தி வரும். இரண்டரை மாதச் சம்பளமாயிற்றே என்று சம்பந்தி வீட்டில் வாயைப் பிளப்பார்கள். ஆனால் யாருக்கும் மாதச் சம்பளம் 7,000 ரூபாய் என்று வைத்துத்தான் கணக்கு. அதிகபட்சமாகக் கைக்கு வருவது 17,951 ரூபாய். சொந்தக்காரர்களிடம் இதை விளக்கியே ரயில்வே ஊழியருக்குத் தீபாவளி கழிந்துவிடும். 20 சதவீதம் கதையும் அதுதான். எவ்வளவில் இருபது என்று கேட்டால், வருஷத்துக்கு 84,000-இல். ஆக 16,800.

அந்த 7,000 நமக்கு வாய்த்த வரம். முன்பு 3,500 ஆக இருந்ததை 2015 திருத்தத்தில் 7,000 ஆக்கினார்கள். கூடவே, '7,000 அல்லது அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி, இரண்டில் எது அதிகமோ அது' என்று ஒரு வாலையும் ஒட்டினார்கள். வாலை நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் படித்ததில்லை. நீயாக வாசித்துக் காட்டப் போகாதே.

அதே திருத்தத்தில்தான் மாதம் 21,000 வரை வாங்குபவருக்கே போனஸ் என்றும் வந்தது. இதை வைத்து என் சர்வீஸில் நான் செய்த நேர்த்தியான வேலை ஒன்றைச் சொல்கிறேன். 20,800 வாங்கிக்கொண்டிருந்த சூப்பர்வைசர் ஒருவருக்கு ஏப்ரலில் 300 ரூபாய் இன்கிரிமெண்ட் போட்டோம். சம்பளம் 21,100 ஆயிற்று. மனுஷன் ஆபீஸ் முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன். அடுத்த வருஷத் தீபாவளியின்போதுதான் லிஸ்டில் அவர் பெயர் இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது. வருஷத்துக்கு 3,600 கொடுத்து 6,997-ஐ மிச்சம் பிடித்திருந்தோம். சட்டப்படி ஒரு புள்ளிகூடத் தப்பில்லை. என்னைப் பார்த்து அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் டீக்கடையில் என் பக்கத்தில் நின்றதில்லை, அவ்வளவுதான்.

இதைவிடச் சுத்தமான வழி, மாதா மாதம் கொடுத்துவிடுவது. 84,000-க்கு 8.33 சதவீதத்தைப் பன்னிரண்டாகப் பிரித்தால் மாதம் 583 ரூபாய். சம்பளச் சீட்டில் 'ஸ்டாட்யூட்டரி போனஸ் அட்வான்ஸ்' என்று ஒரு வரி. 583 ரூபாய் மளிகைக்கடை பாக்கியிலோ கேஸ் சிலிண்டரிலோ கரைந்துபோய்விடும். அக்டோபரில் வந்து "போனஸ் எப்பங்க?" என்று கேட்பவரிடம், "அதான் மாசாமாசம் வாங்கீட்டீங்களே" என்று சீட்டைக் காட்டலாம். ஆஃபர் லெட்டரிலேயே அதை சி.டி.சி.க்குள் அடக்கிவிட்டால் இன்னும் வசதி: அவருடைய சம்பளத்திலிருந்தே ஒரு துண்டை எடுத்து அவருக்கே போனஸாகக் கொடுக்கிறோம். வாங்குபவர் தாங்க்யூ சார் என்பார்.

அடியோடு நிறுத்திவிட்டால் என்ன என்று முதலாளி கேட்பார், கேட்காமல் இருக்க மாட்டார். அப்போது அகமதாபாத் கதையைச் சொல். 1917-இல் அங்கே பிளேக் பரவியது. ஆட்கள் ஊரைக் காலி செய்துவிடாமல் இருக்க மில் முதலாளிகள் 'பிளேக் போனஸ்' கொடுத்தார்கள். கொள்ளைநோய் அடங்கியதும், அடுத்த வருஷத் தொடக்கத்தில் அதை நிறுத்தினார்கள். விலைவாசி அடங்கவில்லை. போனஸுக்கு ஈடாகக் கூலியை ஏற்று என்று தொழிலாளர்கள் கிளம்பினார்கள். முதலாளிகள் பக்கம் நின்றவர் அம்பாலால் சாராபாய்; தொழிலாளர் பக்கம் நின்றவர் அவருடைய சொந்த அக்கா அனசூயா. நடுவில் காந்தி வந்தார். முதலாளிகள் 20 சதவீதத்தில் நின்றார்கள், தொழிலாளர்கள் 35-இல் நின்றார்கள். 1918 மார்ச்சில் காந்தி சாப்பாட்டை நிறுத்தினார், மூன்றே நாளில் சமரசம்; கடைசியில் 35-தான் தீர்ப்பானது. டெல்லியிலும் ஒருமுறை செய்து பார்த்தார்கள். நெருக்கடி நிலையின்போது, 1975-இல், 8.33-ஐ 4 சதவீதமாக வெட்டினார்கள். ஆட்சி மாறியதும் 1977-இல் பழைய எண்ணே திரும்பி வந்தது. ஆகவே நிறுத்தாதே தம்பி, தேய்.

இனி ஸ்வீட் பாக்ஸ். இதில்தான் நான் சறுக்கினேன், நீ சறுக்காதே.

என் அப்பா சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் ஸ்பின்னிங்கில் இருந்தார். போனஸ் நாளன்று மில் கேட்டுக்கு வெளியே இரண்டு வரிசை நிற்கும். ஒரு பக்கம் வட்டிக்காரர்கள் நோட்டுப் புத்தகத்தோடு, எதிர்ப் பக்கம் அம்மாக்கள் எங்களைக் கையில் பிடித்துக்கொண்டு. ஷிப்ட் விட்டு வருகிற மனுஷனை யார் முதலில் மடக்குவது என்பதில்தான் அந்த வருஷத் தீபாவளியே இருந்தது. அம்மா ஜெயித்த வருஷங்களில் ஒப்பணக்கார வீதிக்குப் போய்த் துணி எடுத்தோம். ஒரு வருஷம் பணத்தோடு ஆளுக்கொரு எவர்சில்வர் தூக்குப்போசியும் கொடுத்தார்கள். மூடியில் மில்லின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும், கீழே 1984. காலிப் போசியே கையை இழுக்கும். மில் போய் அந்த இடத்தில் அபார்ட்மெண்ட் எழும்பிவிட்டது. அம்மா இன்றைக்கும் அதில்தான் தயிர் வாங்கி வருகிறாள்.

இந்த ஞாபகம் உள்ளவன் பாக்ஸ் விஷயத்தில் ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. நான் வந்த புதிதில் ஒரு கிலோ ஸ்வீட், அரைக் கிலோ காரம். கொஞ்ச வருஷத்தில் அரையும் காலும் ஆயிற்று. பிறகு காரம் நின்றது. கடைசியில் கால் கிலோ. ஆனால் பாக்ஸ் மட்டும் பழைய அளவு. உள்ளே அட்டையில் அறை அறையாகத் தடுத்து, அறைக்கொரு துண்டாக வைத்து, மேலே தங்க நிறத் தாள். பார்வைக்குக் கல்யாணச் சீர் மாதிரி இருந்தது.

மெயின்டனன்ஸில் ஒரு வயசான ஃபிட்டர் இருந்தார். பாக்ஸை வாங்கியவர் நன்றி சொல்லிவிட்டு நேரே டிஸ்பாட்ச் பக்கம் போனார். அங்கே எலெக்ட்ரானிக் தராசு இருக்கிறது அல்லவா, அதன் மேல் வைத்தார். சிவப்பு எழுத்தில் 310 என்று வந்தது. மூடியைத் திறந்து, ஸ்வீட்டை ஒவ்வொன்றாக எடுத்துத் துண்டில் வைத்துவிட்டு, காலி அட்டையை மறுபடி வைத்தார். 96. பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள்.

"ஏனுங் சார், ஸ்வீட் எரநூத்திப் பதினாலுங்க. அட்டைதானுங்க கொஞ்சம் தாராளமாக் குடுத்துட்டீங்க."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். எனவே, விநியோகத்துக்கு முந்தின நாளே தராசைக் காலிபரேஷனுக்கு அனுப்பிவிடு. செலவு பார்க்காதே.

மற்றதெல்லாம் சில்லறை. நாலு மணி வடையை பிஸ்கட் ஆக்கு, பிஸ்கட்டை 'ஆரோக்கிய வாரம்' என்று சொல்லி நிறுத்து. டீ கப்பைச் சின்னதாக்கி, பிளாஸ்டிக் ஒழிப்பு என்று அறிவி. தினசரி காலண்டரை பி.டி.எஃப். ஆக்கு, கிழிக்க முடியவில்லை என்று யாரும் கேஸ் போட மாட்டார்கள். மெடிக்கல் இன்ஷூரன்ஸிலிருந்து அப்பா அம்மாவை எடுக்கும்போது மட்டும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் மெயில் அனுப்பு. காண்ட்ராக்ட் ஆட்கள் வந்து கேட்டால் காண்ட்ராக்டரைக் கை காட்டு. அவர் நம்மைக் கை காட்டுவார். அதற்குள் தீபாவளி போய்விடும்.

கேள்வி கேட்பவர்கள் வருவார்கள். "2023-ல கோத்தகிரில ஒரு எஸ்டேட் முதலாளி புல்லட் வாங்கிக் குடுத்தாரே, சூரத்துல வைர வியாபாரி காரே குடுத்தாரே" என்று செல்போனை நீட்டுவார்கள். "நாம ஒரே குடும்பங்க" என்று சொல். குடும்பத்தில் யாரும் போனஸ் கேட்பதில்லை. வாட்ஸ்அப்பில், வாரக்கூலியை மாதச் சம்பளம் ஆக்கியபோது அமுங்கிப்போன பதின்மூன்றாவது மாதம்தான் போனஸ் என்று ஒரு கதை சுற்றுகிறது. அதை மறுக்காதே. அகமதாபாத்தைப் பற்றி அவர்கள் படிக்காமல் இருப்பதுதான் நமக்கு நல்லது.

தேதி கேட்டால், சட்டத்தில் தீபாவளி என்ற சொல்லே கிடையாது என்பதை ஞாபகம் வைத்துக்கொள். கணக்கு வருஷம் முடிந்து எட்டு மாதத்துக்குள் கொடுத்தால் சரி. மார்ச் 31-இல் கணக்கை முடிக்கும் நமக்கு நவம்பர் 30 வரை நேரம் இருக்கிறது. இந்த வருஷத் தீபாவளி நவம்பர் 8. 'பிராசஸில் இருக்கிறது' என்று இருபத்திரண்டு நாள் தாராளமாக ஓட்டலாம்.

கடைசியாக, போனில் நீ கேட்கத் தயங்கிய விஷயம். "நமக்கு எவ்வளவுங்கண்ணா வரும்?" என்றுதானே? உன் சம்பளம் 21,000-ஐத் தாண்டியது, லிஸ்டில் நீ வர மாட்டாய். உன் அப்பாயின்ட்மெண்ட் ஆர்டரை எடுத்து மூன்றாம் பக்கத்தைப் பார். பண்டிகைக்கால ஊக்கத்தொகை என்று ஒரு பத்தி இருக்கும், அதன் முடிவில் 'நிர்வாகம் விரும்பினால் மட்டும்' என்று இருக்கும். அந்த மூன்று சொல்லை டைப் அடித்துச் சேர்த்தது நான்தான்.