வீணை முதல் ஆப்பு வரை: சாய்ந்த பலாவின் பயன்வீழ்ச்சிக் கோட்பாடு

புயலில் சாய்ந்த கொல்லை மரத்தை என்ன செய்வது என்ற வினாவை நம்மவர்கள் இதுகாறும் தச்சர்களிடமும் வேளாண் அலுவலர்களிடமும் விட்டுவைத்திருக்கிறார்கள். அடிப்படையில் இது மரம் பற்றிய வினாவே அல்ல, உறவினர்களைப் பற்றியது. அவ்வுண்மையை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்களம் பண்ருட்டி வட்டாரம். 2011 டிசம்பர் 30ஆம் தேதி காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயல், மணிக்கு 120 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் அங்குள்ள பலாவையும் முந்திரியையும் படுக்க வைத்துவிட்டுப் போனது. தோப்போடு பறிகொடுத்தவர்கள் கதை வேறு. தாத்தா நட்டதைப் பேரன் பார்க்க இழந்தவர்களிடம் கேள்வித்தாளை நீட்டும் அளவுக்கு இவ்வாய்வாளன் துணிந்தவனல்ல. இங்கே எடுத்துக்கொண்டது, வீட்டுக்குப் பின்னால் கிணற்றுக்கும் கோழிக்கூண்டுக்கும் நடுவே நின்று, சாயும் நேரத்தில் தீர யோசித்துக் கோழிக்கூண்டைத் தேர்ந்தெடுத்த வகை மரம் மட்டும்.

முதற்கண் தூரவிதி. சாய்ந்த மரத்துக்குச் சொல்லப்படும் பயனின் உயர்வு, சொல்பவர் இருக்கும் தூரத்துக்கு நேர்விகிதத்தில் அமையும். வேலிக்கு அப்பால் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "விறகுக்கு ஆகும்ண்ணே" என்பார். பேருந்தில் வந்து இறங்கும் மைத்துனர், "வாசக்காலுக்கு எடுத்து வைங்க மாமா, பலாவைச் செல்லு அரிக்காது" என்பார். சென்னையிலிருந்து போனில் பேசும் ஒன்றுவிட்ட சித்தப்பா, "டேய், வீணைக்கு ஆகும்டா! வெட்டிக் கிட்டித் தொலைச்சிடாதே" என்று அலறுவார். கடல் கடந்து வாழும் உறவினரோ பட்டையைக்கூடச் சீவாமல் ஒற்றைப் பலகையில் டைனிங் டேபிள் போட்டால் எப்படியிருக்கும் என்று படமே அனுப்புவார். அந்தப் படத்தில் இருக்கும் கூடத்துக்குள் நம் வீடு இரண்டு அடங்கும்.

சித்தப்பா சொன்னதில் உண்மை இல்லாமலில்லை, சிக்கலே அதுதான். தஞ்சாவூர் வீணை பலா மரத்தில்தான் செய்யப்படுகிறது. மிருதங்கத்துக்கும் அதே மரம்தான். பண்ருட்டிப் பலா இந்தக் கைவினைஞர்களிடம் பெயரெடுத்தது. குடம், தண்டி எல்லாவற்றையும் ஒரே மரத்துண்டில் குடைந்தால் அது ஏகாண்ட வீணை. தனித்தனியாகச் செய்து பொருத்தினால் ஒட்டு வீணை. ஏகாண்டம் வேண்டுமென்றால் நீளமும் பருமனும் உள்ள, கணுவும் வெடிப்பும் இல்லாத, நன்றாக வைரம் பாய்ந்த அடிமரம் வேண்டும். நம் மரமோ காற்றில் முறுக்கிப் பிழியப்பட்டு, கவையோடு பிளந்து கிடக்கிறது. ஆசாரி வந்து விரல்முட்டியால் தட்டிப் பார்த்தார். காதை வைத்துக் கேட்டார். அவர் முகத்தில் எந்த ராகமும் தெரியவில்லை.

அப்படியே ஆகுமென்றாலும் பச்சை மரத்தை உடனே இழைக்க முடியாது. இரு முனைகளிலும் பெயிண்ட் அடித்து, நிழலில், தரையில் படாமல் அடுக்க வேண்டும். இல்லாவிட்டால் முனைகள் முந்திக் காய்ந்து வெடித்துவிடும். பலகை காய அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது பொதுவான கணக்கு. வீணையை மனத்தில் வைத்துக்கொண்டு காத்திருப்பவர் வீட்டில், அதை வாசிக்க வேண்டிய பெண்ணுக்குக் கல்யாணமே ஆகிவிடலாம்.

இந்த இடைவெளியில்தான் நமது மையக் கோட்பாடு செயல்படத் தொடங்குகிறது. மரம் தரையில் கிடக்கக் கிடக்க, அதன் உத்தேசப் பயன் ஒவ்வொரு படியாக இறங்கும். வீணை மிருதங்கமாகும். மிருதங்கம் வாசக்காலாகும். அறுவை மில்லில் கன அடிக்கு எவ்வளவு, டிராக்டர் வாடகை எவ்வளவு என்று விசாரித்த அன்று மாலையே வாசக்கால் கட்டிலாகக் குறுகும். வீட்டில் ஏற்கெனவே கட்டில் இருப்பது நினைவுக்கு வந்ததும் மணைப்பலகையாகும். இதற்கிடையே கொல்லைக்குப் போகும் ஒவ்வொருவரும் காலில் இடித்துக்கொண்டு ஒரு கிளையைத் தறித்துப் போடுவதால், கையிருப்பின் நீளமும் கொள்கைக்கு இசைவாகக் குறைந்துகொண்டே வரும். கடைசியில் மிஞ்சுவது அரிவாள்மணைக்கு ஒரு கட்டை, ஆடும் பீரோவின் காலுக்கு ஓர் ஆப்பு. ஆப்பு மட்டும் அருமையாக அமையும். பொன்மஞ்சள் நிறத்தில் தொடங்கி நாளடைவில் செம்பழுப்பாக மாறும் அந்த வைரத்தின் அழகை, பீரோவை நகர்த்துகிறவர்கள் மட்டுமே காண்பார்கள்.

இந்த வீழ்ச்சியால் துளியும் பாதிக்கப்படாத ஆய்வாளர் ஒருவர் களத்தில் இருந்ததைப் பதிவு செய்வது நம் கடமை. அது ஆடு. பலா இலை என்றால் ஆட்டுக்கு உயிர். யாரிடமும் கருத்துக் கேட்காமல், யாருக்கும் கருத்துச் சொல்லாமல், மரம் விழுந்த அன்றே அது பணியைத் தொடங்கியது. எட்டும் உயரத்துக்கு இலை தானே இறங்கி வந்திருக்கும்போது கருதுகோள் எதற்கு? பிஞ்சு விட்டிருந்தவற்றைப் பெண்கள் பொறுக்கிப் பொரியல் செய்தார்கள். அரிந்த கையில் பால் ஒட்டாமலிருக்க எண்ணெய் தடவிக்கொண்டார்கள். சாய்ந்த மரத்திலிருந்து காலதாமதமின்றிக் கிட்டிய பயன் இவ்விரண்டும்தான். இரண்டிலும் ஆண்களின் ஆலோசனை இடம்பெறவில்லை.

நேர்மையான ஆய்வு, உட்காருதலையும் கணக்கில் கொள்ள வேண்டும். விழுந்த அடிமரம் உட்கார வாகான உயரத்தில் இருக்கும். மரத்தை என்ன செய்யலாம் என்று பேச வந்தவர்கள் அனைவரும் அம்மரத்தின் மீதே அமர்ந்துதான் பேசினார்கள். மின்சாரம் வராத மாலைகளில் டீ டம்ளர்களும் அங்கேயே வந்தன. ஆக, அதற்கொரு பயன் தேடும் குழுவுக்கு இருக்கையாக அமைவதே அதன் தலையாய பயனாக இருந்தது. இதை எடுத்துச் சொன்னபோது அவையோர் சற்று நகர்ந்து இவ்வாய்வாளனுக்கும் இடம் விட்டார்கள்.

இக்கோட்பாடு முருங்கைக்குப் பொருந்துமா என்ற ஐயம் எழலாம். பொருந்தாது. முருங்கை ஒடியப் புயல் வேண்டாம். அடுத்த வீட்டில் ஒருவர் பலமாகத் தும்மினால் போதும். விழுந்த மாலைக்குள் கீரை தெரு முழுக்க அடுப்பேறிவிடும். ஒரு கொம்பை வெட்டி அதே இடத்தில் ஊன்றி, வெட்டுவாயில் சாணியை அப்பிவிட்டால் அடுத்த மரம் தயார். சென்னைச் சித்தப்பாவுக்குச் சேதி போவதற்குள் எல்லாம் முடிந்துவிடுவதால், முருங்கையில் என்ன வாத்தியம் செய்யலாம் என்று சொல்ல அவருக்கு இதுவரை வாய்ப்பே அமையவில்லை.