கதவருகே ஒரு ரெக்வயர்மென்ட்

மீட்டிங் நடக்கும் இரண்டு மணி நேரமும் எங்கள் கிளையன்ட் வாயைத் திறப்பது வடைக்காக மட்டும்தான். "வேற ஏதாவது இருக்கா சார்?" என்றால், "எல்லாம் வந்தாச்சு" என்பார். ரெக்வயர்மென்ட் டாகுமென்டில் கையெழுத்தும் போட்டுவிடுவார். எழுந்து போய், கதவுப் பிடியில் கை வைத்து, பாதி உடம்பு வெளியே போன பிறகுதான் திரும்புவார். "அப்புறம் தம்பி, ஒண்ணே ஒண்ணு..."

நாங்கள் அவருக்கு எழுதுவது நகைக்கடன் சாஃப்ட்வேர். ஒரு அடகுக்கு ஒரு ஆள் என்று முடிவாகி, டேபிள் எல்லாம் போட்டு, பாதி கோடிங்கும் ஆகிவிட்டது. கதவருகிலிருந்து வந்தது: "புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் பேர்லயும் வைக்கலாம்ல? பேருக்குக் கீழ இன்னொரு பாக்ஸ், அவ்வளவுதான்."

அவருக்குத் தெரிவது பாக்ஸ். நகையைத் திருப்ப ஒருவர் வந்தால் போதுமா, இருவரும் வரவேண்டுமா? ஓடிபி யார் போனுக்கு? கேஒய்சி இருவருக்குமா? வட்டி கட்டாமல் விட்டால் ஏல நோட்டீஸ் ஒன்றா, இரண்டா? நடுவில் இருவருக்கும் சண்டை வந்து ஆளுக்கொரு வீட்டில் இருந்தால்? "அதெல்லாம் நீங்க பார்த்துக்க மாட்டீங்களா!" கதவு சாத்திக்கொள்ளும்.

மெயில் அனுப்பச் சொன்னால், "நீங்களே போட்ருங்க, நான் ஓகே பண்றேன்." போடுவோம். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வரும். யூஏடி என்கிற பயனர் சோதனையில் தகராறு வரும்போதுதான் தெரியும், அந்தக் கட்டைவிரலுக்கு 'மெயில் கிடைத்தது' என்று மட்டுமே அர்த்தமாம். எது முக்கியம் என்று வரிசைப்படுத்தச் சொன்னால், எல்லாமே 'மஸ்ட் ஹேவ்'.

அஜைல் என்கிற சாஃப்ட்வேர் முறையை வேறு படித்திருக்கிறார். 2001-ல் அமெரிக்காவின் யூட்டாவில் 17 பேர் கூடி எழுதிய அஜைல் அறிக்கையோடு வருகிற 12 கொள்கைகளில், இரண்டாவது அவருக்குத் தலைகீழ்ப் பாடம்: வேலை முற்றிய பிறகு வரும் மாற்றத்தையும் வரவேற்க வேண்டும். நான்காவது கொள்கை, பிசினஸ் ஆட்களும் டெவலப்பர்களும் தினமும் சேர்ந்து உட்கார்ந்து வேலை செய்யவேண்டும் என்கிறது. தினசரி ஸ்டாண்ட்-அப் மீட்டிங்குக்குக் கூப்பிட்டுப் பாருங்கள், அன்றைக்குத்தான் ஏதாவது ஒரு கிளையில் ஆடிட் இருக்கும்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவர் கேட்பது நியாயமாகவே இருந்து தொலைக்கும். கவுன்டரில் உட்கார்ந்து நகையை உரசிப் பார்த்து மேலே வந்தவர். நகை மனைவியுடையது, கடன் கணவன் பேரில். கணவன் துபாய்க்குப் போய்விட்டான். கையில் ரசீதும் பணமும் வைத்துக்கொண்டு நிற்கிற பெண்ணைத் திருப்பி அனுப்பிய சங்கடம் அவருக்குத் தெரியும். எங்கள் டெம்ப்ளேட்டில் அதற்குக் கட்டம் கிடையாது. அந்த ஒரு விஷயத்தில் அவரைக் கும்பிடலாம்.

ஆனால் ரிலீஸ் தேதியை மட்டும் அசைக்க விடமாட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொன்னது திங்கட்கிழமை காலை டெமோவில் ஓட வேண்டும். மாற்றம் கேளுங்கள் சார், செய்கிறோம். அதற்கான நாளையும் சேர்த்துக் கொடுங்கள். நடுவில் இருக்கிற சனியும் ஞாயிறும் புராஜெக்ட் பிளானில் இல்லை, எங்கள் வீட்டுக் கணக்கில் இருக்கின்றன.