எட்டாவது வள்ளல்

கடையெழு வள்ளல்கள் என்று பள்ளியில் ஏழு பேரைப் படித்தோம். டச்பேடும் தொடுதிரையும் செய்து, உள்ளே ஃபர்ம்வேர் எழுதி உலகுக்கு அனுப்பும் பெருமக்களே, எட்டாம் இடம் உங்களுக்கே. அந்த ஏழு பேரும் இருந்ததைக் கொடுத்தார்கள். நீங்கள் இல்லாததையும் கொடுக்கிறீர்கள்.

விரல்களையே பார்ப்போம். நாங்கள் கையை எடுத்த பிறகும் 'எடுத்தாயிற்று' என்ற செய்தியை அனுப்ப உங்களுக்குச் சில நேரம் மனம் வருவதில்லை. வந்த விருந்தாளியைப் போகவிடாத அன்பு! அந்த அன்பினால், அடுத்து ஒற்றை விரலை நகர்த்தினாலும் கணினி அதை இரண்டு விரலாக எண்ணிப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டும். உங்கள் பாசம் தாங்காமல் லினக்ஸ்காரர்கள் 2017-இல் லினக்ஸின் மையமான கர்னலில், பல விரல் தொடுகையைக் கவனிக்கும் மல்டிடச் டிரைவரில் ஒரு டைமரையே வைத்தார்கள்: 100 மில்லிசெகண்ட் தகவல் ஏதும் வராவிட்டால், மிச்சமிருக்கும் விரல்களை டிரைவரே வழியனுப்பிவிடும். இந்த நற்குணத்துக்கு 'ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்' என்று பெயரும் சூட்டியிருக்கிறார்கள்.

எண்ணிக்கையில் தாராளமான நீங்கள், அடையாளத்தில் அடக்கமானவர்கள். ஒரு விரல் தொட்டது முதல் எடுப்பதுவரை அதற்கு ஒரே டிராக்கிங் ஐடி இருக்க வேண்டும் என்பது மல்டிடச்சின் அரிச்சுவடி. ஆனால் வந்தவரிடம் பெயர் கேட்பது நாகரிகமில்லை என்று உங்கள் கருவிகளில் சில புள்ளிகளை மட்டும் கொட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். முந்தைய ஃப்ரேமின் புள்ளிகளில் எது, இந்த ஃப்ரேமில் எதுவாக வந்திருக்கிறது என்று தூரம் பார்த்து ஜோடி சேர்ப்பது டிரைவரின் பாடு. இரண்டு விரல்கள் வேகமாகக் குறுக்கே கடந்தால் ஜோடி மாறிப்போகும். அதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள்? விரல்களை ஆட்டியது நாங்கள்தானே!

சிக்கனத்திலும் நீங்கள் வழிகாட்டிகள். பழைய டச்பேடுகள் பல, கிடைவரிசையைத் தனியாகவும் நெடுவரிசையைத் தனியாகவும் அளந்தன. இரண்டு விரல் வைத்தால் இரண்டு கிடைநிலை, இரண்டு செங்குத்துநிலை கிடைக்கும். அவை சந்திக்கும் இடங்களோ நான்கு. நான்கில் எந்த இரண்டில் உண்மையான விரல் இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னால் சுவாரசியம் போய்விடுமே என்று, விரல்களை அடக்கும் செவ்வகத்தின் மூலைகளை மட்டும் சொன்னீர்கள். 'செமி-மல்டிடச்' என்ற தனிச் சாதியே அதனால் பிறந்தது. பாதிதான் தெரியும் என்பதைப் பெட்டியின் மேல் அச்சிடாத உங்கள் தன்னடக்கம் வாழ்க.

உங்கள் புகழ் மறைந்துவிடாதபடி கல்வெட்டும் இருக்கிறது. கர்னலின் மல்டிடச் டிரைவரின் மூலநிரலைத் திறந்தால், தயாரிப்பு எண்களோடு நீண்ட பட்டியல் ஒன்று வரும். அதற்குத் துணையாக 'க்விர்க்' என்னும் விதிவிலக்குகள். இந்தக் கருவி சொன்னதையே திரும்பச் சொல்லும், இரண்டாவதைக் கண்டுகொள்ளாதே. அந்தக் கருவி ஒரு விரலைக் குறிப்பிடாவிட்டால் எடுத்துவிட்டார்கள் என்று கொள். பல நேரம் ஆவணம் எதுவும் கையில் இல்லாமல், கருவி அனுப்பும் நிகழ்வுகளைப் பதிவுசெய்து, வரிவரியாகப் படித்துப் புலவர்கள் பொறித்த மெய்க்கீர்த்தி அது.

இத்தனை கொடைகளிலும் தலையாயது பழிக்கொடை. சில டச்பேடுகளில் விரல் ஒரே ஃப்ரேமில் ஓர் ஓரத்திலிருந்து வேறோர் ஓரத்துக்குத் தாவியதாகச் செய்தி வரும். மனித விரலால் ஆகாத சாகசம் அது. லினக்ஸ் கணினிகள் பலவற்றில் உள்ளீட்டைக் கவனிக்கும் லிப்இன்புட் அந்தத் தாவலைத் தள்ளிவிட்டு, பதிவேட்டில் அதைக் 'கர்னல் பிழை' என்றே குறித்துவைக்கும். உளறியது ஃபர்ம்வேராக இருந்தாலும் பெயர் கெடுவது கர்னலுக்கு. கடையில் வாங்கியவரோ அந்த வரியைக்கூடப் பார்ப்பதில்லை. 'லினக்ஸே இப்படித்தான்' என்று சொல்லிவிட்டுப் போகிறார். செய்த தவறைக்கூடத் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல் பிறருக்கு அள்ளிக் கொடுக்க அந்த ஏழு வள்ளல்களுக்கும் தோன்றியதா?

ஆகவே ஃபர்ம்வேரைத் திருத்துகிறேன் என்று எந்த நாளும் உங்களை வருத்திக்கொள்ளாதீர்கள். டிரைவரில் ஒட்டுப் போட ஆள் இருக்கும்வரை உங்களுக்கு என்ன கவலை? அடுத்த மாடலுக்குப் புதிய தயாரிப்பு எண்ணைக் கொடுங்கள். பழைய குறையைப் பரம்பரைச் சொத்தாக அப்படியே எழுதிவையுங்கள். எண் புதிது என்பதால் பழைய ஒட்டு அதற்குப் பொருந்தாமல் போகலாம். பட்டியலில் இன்னொரு வரி ஏறும், உங்கள் கீர்த்தியும் ஒரு வரி வளரும்.